அண்ணன் பங்குக்கு உறை

இல்ல சார், இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. கத்தி அசல்தான், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்கப்பா இடுப்புல பார்த்த கத்தி. நான் கேக்கறது உறையைப் பத்தி. அது போலிதானே?

அசலா? எத வச்சுச் சொல்றீங்க? தோலைப் பழசாக் காட்டறதுக்கு இப்பல்லாம் டீத்தண்ணில ஊறப் போடறாங்களாமே. மோந்து பாருங்க.

ஜோடியா இருந்தா ரெண்டு மடங்கு விலை போகும்ங்கறீங்க. விலை கிடக்கட்டும் சார், குறைச்சே போடுங்க. விக்க வந்தவன் இப்படிப் பேசறானேன்னு சிரிக்காதீங்க. போலின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எந்திரிச்சுப் போயிடறேன்.

தண்ணி வேண்டாம்.

ஜோடி எப்படிப் பிரிஞ்சுதா? அப்பா போனதும் பாகம் பிரிச்சோம். மூடி ஒருத்தனுக்கு, பானை ஒருத்தனுக்குன்னு எந்த மடையனாவது பிரிப்பானா? நாங்க பிரிச்சோம். கத்தி எனக்கு, உறை அண்ணனுக்கு. அண்ணன்னு வாய்ல வருது பாருங்க. அந்தாளுக்கு! நல்ல வீட்ட அவரு எடுத்துக்கிட்டு, ஒழுகற வீட்ட என் தலைல கட்டினாரு. இன்னிக்கும் மழை வந்தா, அந்தாளத் திட்டிக்கிட்டேதான் வாளி வைப்பேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு வரல. நானும் சும்மா விடல. அவரு சம்சாரம் போனப்ப, தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்.

என் செல்லுதான். அடிக்கட்டும், விடுங்க.

இன்னிக்குக் காலைல கதவத் திறக்கறேன், வெளித் தாழ்ப்பாள்ல ஒரு துணிப்பை தொங்குது. உள்ள இந்த உறை. சீட்டு கீட்டு ஒண்ணும் இல்ல. என்னை வம்புக்கு இழுக்கறதுக்கு எவனோ இதே மாதிரி ஒண்ணு செஞ்சு மாட்டிட்டுப் போயிருக்கான். அப்படித்தானே சார் இருக்கணும்? வேற எப்படி இருக்கும்?

லென்ஸ வச்சு அங்க என்ன பாக்கறீங்க? வாய்ப்பக்கமா? எலி கடிச்சிருக்கும். மனுஷப் பல்லுத் தடமா... எங்க, காட்டுங்க.

ஆமா. சின்னப் பல்லு. நடுவுல ஒரு பல்லு விழுந்த வாயி. என் பல்லுதான். சின்ன வயசுல ஒரு தடவை என் கால்ல ஆணி ஏறிடுச்சு சார். அப்பாவுக்குத் தெரிஞ்சா முதுகுத்தோல உரிச்சிடுவாரு. இத என் வாயில திணிச்சு, கடிச்சுக்கடா, கத்தாதடான்னு சொல்லி அண்ணன்தான் புடுங்கினாரு. அப்புறம் அவரே தூக்கிட்டு நடந்தாரு.

அப்ப இது அசல்தான்.

மறுபடி அடிக்குது. அண்ணன் வீட்டு நம்பர்தான். பேரு போட்டு வைக்காட்டாலும் அது தெரியும். நானே எத்தனையோ தடவை அழுத்திட்டு அழிச்ச நம்பர். காலைலேருந்து அடிக்குது, நான் எடுக்கல. எப்படி எடுப்பேன்? ஒரு நாள் நடுத்தெருவுல நிறுத்தி, உறைய மரியாதையாக் குடுத்துடுன்னு கேட்டேன். என் மூச்சு இருக்கறவரைக்கும் இது உன் வாசலுக்கு வராதுடான்னாரு. சொன்ன சொல்ல மாத்தற ஆளு இல்ல சார் எங்கண்ணன்.

நீங்க எடுத்துக் கேளுங்களேன். அண்ணன் குரலா இருந்தா மட்டும் எங்கிட்டக் குடுங்க.