துலாபாரத் தட்டருகே நான் சொன்ன சொல்

இந்த மாலைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஆலயத் தலைவர் நல்லசாமி ஐயா அவர்களே, செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் சேற்றை மிதித்து எங்களுக்குச் சோறு போட்ட பெரியோர்களே, பிள்ளையையும் பேணிப் பிழைப்புக்கும் ஓடும் பெருமைமிகு தாய்மார்களே, குவாலா சிலாங்கூர் கிளினிக்கிலிருந்து நம் தோட்டம் தேடி வந்திருக்கும் தாதி மேகி அவர்களே, ஜெரத்திலிருந்தும் சுங்கை செம்பிலாங்கிலிருந்தும் மோட்டார் சைக்கிள் ஏறி வந்த உறவுகளே, உட்கார இடமிருந்தும் கதவோரம் நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சத்தியசீலனின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைதாழ்ந்த என்று வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. இன்று என்னால் உண்மையிலேயே நிமிர முடியவில்லை.

உடல் பருமன் பற்றிய உரை என்று நோட்டீசில் போட்டிருக்கிறது. டாக்டர் பேசலாம், தாதி பேசலாம், லோரி ஓட்டுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதினைந்து ஆண்டுகளாக இந்தக் கோயில் திருவிழாவில் மைக் பிடித்தவன் நான். என் வாய் செய்த வினைதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

சென்ற ஆடித் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் குடியிருக்கும் துளசி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர். அவர் மகள் டெங்கிக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் என் எடைக்கு எடை அரிசி தருகிறேன், அன்னதானத்துக்கு ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டார் அந்தத் தாய். பிள்ளை பிழைத்தது. துலாபாரத்துக்கு வந்தார்.

ஒரு தட்டில் துளசி. மறு தட்டில் அவர் கணவர் புனிதன் அரிசி மூட்டைகளை அடுக்கினார். பத்துப் பத்துக் கிலோவாகக் கொண்டுவந்த எட்டு மூட்டையும் ஏறிவிட்டது, தட்டு இறங்கவில்லை. ஒரு தாய் தன் நன்றியை நிறுக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் நான் மைக்கில் என்ன சொன்னேன்? "துளசி சாமிக்கு அரிசி கொடுக்க வந்தாங்களா, கடையையே காலி பண்ண வந்தாங்களா? இனிமேலாவது சோத்துல கொஞ்சம் சாமிக்கு விடுங்க லா" என்றேன்.

கூட்டம் சிரித்தது. நீங்கள் சிரித்ததைக் குறை சொல்லவில்லை, சிரிக்கவைத்தவன் நான். துளசி தட்டைவிட்டு இறங்கினார். வேண்டுதல் பாதியில் நின்றது. மகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். நான் அடுத்த அறிவிப்பைப் படித்தேன்.

ஒரு மாதம் கழித்து வெள்ளிக்கிழமைப் பூசையில் துளசியைப் பார்த்தேன். இளைத்திருந்தார். முகம் வாடியிருந்தது. எனக்கு என்ன தோன்ற வேண்டும்? உடம்புக்கு என்னம்மா என்று கேட்கத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை ஐயா. "பாத்தீங்களா, நம்ம பேச்சு வேலை செஞ்சிருச்சு" என்று மறுபடியும் மைக்கில் சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் துளசி மயங்கி விழுந்தார்.

மூட்டுகளைத் தாக்கும் ஒரு நோய்க்கு அவர் மூன்று ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சிலருக்குப் பசியைக் கூட்டும், முகத்தை உப்பவைக்கும், எடையை ஏற்றும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் தாதி மேகி எனக்குப் பிறகுதான் விளக்கினார். என் பேச்சைக் கேட்ட துளசி முதலில் சோற்றை நிறுத்தினார். பிறகு மாத்திரையை நிறுத்தினார். நானோ அதை என் வெற்றி என்றேன்.

கொழுத்தவர் எல்லாம் கொட்டித் தின்பவரா? இளைத்தவர் எல்லாம் இரும்பு உடம்புக்காரரா? இரவு வேலை செய்து தூக்கம் கெட்டவருக்கு எடை ஏறும். பரம்பரையாலும் ஏறும், மருந்தாலும் ஏறும், மனக்கவலையாலும் ஏறும். எடை கூடினால் நோய் வரலாம் என்பது உண்மைதான், மறைக்கவில்லை. அதைப் பார்க்கக் கிளினிக் இருக்கிறது. அங்கே கேட்டு, உடம்பை அறிந்து, மெல்ல மெல்லக் குறைக்க வழி இருக்கிறது. பட்டினி வழியல்ல, இளைக்கவைக்கும் பவுடர் டப்பா வழியல்ல, பழித்துப் பேசுவது எந்தக் காலத்திலும் வழியல்ல.

என்னைப் பாருங்கள். ஒட்டடைக் குச்சி என்று என் மனைவியே சொல்வாள். சிரிக்கலாம், பரவாயில்லை. விளக்கம் கேட்கப் போன என் விரலையும் மேகி குத்திப் பார்த்தார். இந்த ஒல்லி உடம்பில் இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை நோய். டாக்டரும் பார்த்து உறுதி செய்துவிட்டார். லோரியில் ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் தே தாரேக், இனிப்பு தூக்கலான பால் டீ, குடித்தவன், அடுத்தவர் தட்டைப் பார்த்துக் கேலி பேசியிருக்கிறேன்.

துளசி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மன்னிப்புக் கேட்கப் போனேன். பழக்கூடையும் கையுமாகத்தான் போனேன். புனிதன் நாற்காலி போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் என் குரல் கேட்டதும் உள்ளே போய்விட்டாள். நான் இழுத்து இழுத்துப் பேசியதை எல்லாம் துளசி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"வீட்டுக்குள்ள வந்து சொல்றது ஈசி அண்ணே. மைக்ல சொன்னத மைக்லயே எடுங்க. பேரைச் சொல்லியே எடுங்க. அன்னைக்குப் பேரைச் சொல்லித்தானே சிரிச்சீங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடனும் அவருக்கு இல்லை. கோயிலுக்கு வந்து பல வாரங்கள் ஆகின்றன. இந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அதனால்தான் வாசல் ஒலிபெருக்கியை இன்று அவர் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னேன்.

தங்கச்சி துளசி, உங்கள் உடம்பைப் பற்றி நான் சொன்னது பொய். உங்கள் நோயை என் சாதனை என்றது அதைவிடப் பெரிய பாவம். நீங்கள் தட்டில் வைத்தது அரிசி அல்ல, பிள்ளை பிழைத்த நன்றி. அதை நான் கேலியாக்கினேன். இந்த ஊர் முன்னால், உங்கள் பேரைச் சொல்லி, அந்தச் சொற்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்கிறேன்.

பேச இடமளித்த தலைவருக்கும், பாடம் சொன்ன தாதிக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி, வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். இந்த மண்டபத்திலிருந்து ஒருமுறை சிரிப்பும் ஒருமுறை கைதட்டலும் அந்த வீட்டுக்குப் போயிருக்கின்றன. இன்று மன்னிப்பு மட்டும் போகட்டும்.