ரிக் புத்தகம்

ஐந்தாவதோடு படிப்பை விட்டு, போர்வெல் போடும் நாலு ரிக் வண்டிக்கு முதலாளியானவன் நான். திருச்செங்கோடு பஸ்ஸில் 'ரிக்' என்று காதில் விழுந்தால் கேட்காமல் இருப்பேனா? முன் சீட்டில் பெண் பார்க்கப் போகும் தம்பியும் அவன் அக்காவும்.

"பொண்ணோட அப்பா ரிக் ஓனரு. தொழிலப் பத்திக் கேப்பாருன்னு புக்கு வாங்குனியே, படிச்சியா சாமி?"

"படிச்சேங்க்கா. புக்குப் போட்டவன் நெட்டுல சும்மா கெடக்கற கலைக்களஞ்சியக் கட்டுரைங்கள, 'ரிக்'ங்கற பேர மட்டும் பாத்து அள்ளிக் கட்டியிருக்கான். போர்க்குழியில எறக்கற கேசிங் பைப்பு பத்தி ஒரு வரி இல்ல. முக்காவாசி ரிக் வேதம்!"

"அய்யோ! அவரு கேட்டா என்னத்தச் சொல்லுவ?"

"போர் போடறதுக்கு முன்னாடி பூசை போடுவாங்கல்ல? அங்கிருந்து ஆரம்பிச்சர்றேன்."

"அப்பப் பொண்ணு கெடைக்குதோ இல்லியோ, தட்சணை கெடைக்கும் சாமி."