பின்னால் வந்த கார்

மாலை நான்கு இருபதுக்கு, சைக்கிளில் போன மகள் தகப்பனின் கண்ணிலிருந்து மறைந்தாளாம். அவள் திரும்பி வரவேண்டிய வென்ட்வேர்த்வில் புறநகர் ரயில் ஸ்டேஷன் வாசலில் தாயும் தகப்பனும் சண்டை பிடித்தார்கள்.

“இங்கிலாந்துக் கிராமங்களுக்குள்ள சைக்கிள் ஓடப் போற பிள்ளை, இஞ்ச தனியப் பழகட்டும் எண்டுதானே விட்டது? ஆர் உங்களைக் காரில பின்னால போகச் சொன்னது?” என்றாள் தாய்.

“அங்க அமைதியான கிராமத்து றோட். இஞ்ச லொறி ஓடுற றோட். நீர்தானே பயந்தனீர்?”

“பயந்தனான். நாலு லைற்றையும் மின்னவிட்டு ஊர்வலம் போகச் சொன்னனானோ?”

“பின்னால ஹோர்ன் அடிச்சாங்கள். திரும்பிப் பாத்திட்டு முன்னால பாத்தா பிள்ளையைக் காணேல்ல.”

“போனும் எடுக்கிறாளில்லை. ஏதும் நடந்திருந்தா உங்களோட கதைக்கவே மாட்டன்.”

எனக்கும் ஒரு மகள். என் ரயிலை விட்டுவிட்டு நின்றேன்.

தெருமுனையில் சைக்கிள் திரும்பியது. அவள் இறங்கித் தகப்பனைப் பார்த்தாள்.

“வெக்கத்திலதான் றோட்டை விட்டு ஒரு சின்ன ஒழுங்கைக்குள்ள திருப்பினனான். அப்பா, இங்கிலாந்துக்கும் கார் கொண்டு வருவீங்களோ?”