எந்த வீட்டு ஹைட்ரஜன்?

லூர்துராணி: தள்ளி உக்காருடி ஜாஸ்லின்... ஆமா, உன் புரொபசர் ஆசீரோட சண்டையாமே?

ஜாஸ்லின்: எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு அதுக்குள்ள சேதி வந்துடுச்சா? நீங்க எங்க இந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்புல?

லூர்துராணி: மாதா கோயிலுக்குப் பூ வாங்க வந்தேன்.

ஜாஸ்லின்: பையில பூவக் காணோமே?

லூர்துராணி: வாடிப்போன பூவா வச்சிருக்கான்... பேச்ச மாத்தாத. டாக்டர் பட்டம் வாங்கற நேரத்துல வாத்தியார்கூட மல்லுக்கு நிக்கலாமா?

ஜாஸ்லின்: வாழைப்பூவுல புதுசா ஒரு மருந்துப் பொருள் இருக்குன்னு நானும் சாரும் ஜர்னல்ல ஆராய்ச்சிப் பேப்பர் போட்டோம்ல? அதுல நாங்க எழுதின மூலக்கூறு அமைப்பே தப்பு ஆன்ட்டி.

லூர்துராணி: யாரு சொன்னா?

ஜாஸ்லின்: என்எம்ஆர் மெஷின். ஒரு பொருளுக்குள்ள எந்த அணு எங்க ஒட்டியிருக்குன்னு காட்டும். கார்பன்னா வீடு, ஹைட்ரஜன்னா குடியிருக்கற ஆளுன்னு வைங்க. டூ-டின்னு ஒரு படம் எடுப்போம். குறுக்க ஹைட்ரஜன் வரிசை, நெடுக்க கார்பன் வரிசை. எந்த ஆளுக்கு எந்த வீடோ, அதுக்கு நேரா ஒரு புள்ளி விழும்.

லூர்துராணி: இதுக்கு எதுக்குடி மெஷினு? நம்ம தெருவுக்கு நான் ஒருத்தி போதாது?

ஜாஸ்லின்: நீங்களும் சார் மாதிரிதான். ரெண்டு ஹைட்ரஜன் ஒட்டி நின்னுச்சு, ஒரே வீடுன்னு எழுதிட்டாரு. படம் எடுத்துப் பாத்தா ரெண்டு புள்ளியும் வேற வேற வீட்டுல...

லூர்துராணி: ஐயையோ! கீழ்வீட்டு பிரான்சியையும் மாடி வீட்டு ஸ்டீபன்ராஜையும் நான் புருஷன் பொண்டாட்டின்னு நெனச்சேனே, அது மாதிரியா?

ஜாஸ்லின்: நெனச்சதோட விட்டீங்களா? தெரு பூரா சொன்னீங்க!

லூர்துராணி: சரி விடு... தம்மாத்தூண்டு புள்ளிதான? அழிச்சிரு.

ஜாஸ்லின்: மாட்டேன்.

லூர்துராணி: அப்பறம் அவரு கையெழுத்துப் போட மாட்டாரு! இத்தன வருஷப் படிப்பும் காவேரியோட போயிடும்டி.

ஜாஸ்லின்: போகட்டும். அந்தப் பேப்பர்ல என் பேரும் இருக்கு. தப்புன்னு தெரிஞ்சப்பறமும் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டேன்.

லூர்துராணி: பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல... என்ன பண்ணப் போறன்னு கொஞ்சம் சத்தமா சொல்லு.

ஜாஸ்லின்: ஏன் ஆன்ட்டி உங்க கைப்பைய என் வாய்கிட்ட நீட்டுறீங்க?

லூர்துராணி: அது... ஆசீர் என் சித்தி மகன்டி. உனக்குப் புத்தி சொல்லுங்கக்கான்னு அனுப்பினான். உள்ள போன் ஓடிக்கிட்டுதான் இருக்கு... கேட்டுக்கிட்டு இருக்கான்.

ஜாஸ்லின்: தெரியும். நீங்க உக்காந்ததுமே உங்க பை இருமுச்சு. குடுங்க இப்படி... சார், நம்ம பேப்பர் தப்புன்னு காலையிலேயே ஜர்னலுக்கு எழுதி அனுப்பிட்டேன். படமும் கூடவே போயிருக்கு, ரெண்டு புள்ளியோட!