உறைந்த நீரின் மேல் ஐந்து ரூபாய்

எங்கள் சங்க அலுவலகத்தில் காபி நன்றாக இருக்கும். முதல்முறை வருகிற யாரும் அதைச் சொல்லாமல் போனதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் கொட்டையை என் கண்முன்னால் அரைக்கச் சொல்லி வாங்கி வருவேன். டெல்லி அதிகாரியானாலும் முதலீடு செய்ய வந்தவரானாலும், கொஞ்ச நேரம் காபியைப் பற்றிப் பேசிவிட்டால் அப்புறம் எங்கள் ஆட்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார். சங்கம் என்றால் என்னதான் செய்யும் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கம் என்பது பெரிய பெயர். எங்கள் உறுப்பினர்களில் பலர் வாடகைக் கட்டடத்தின் மாடியில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள். அவர்களுக்கு வரவேண்டிய சரக்கு விமான நிலையச் சுங்கத்தில் ஐஸ் உருகிக் கிடந்தால் நான் போன் செய்வேன். எந்த மானியத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்த மருத்துவமனை பரிசோதனைக்குச் சம்மதிக்கும், அமைச்சகத்துக்கு எந்தத் தொனியில் கடிதம் எழுதுவது எல்லாம் என்னைக் கேட்டுத்தான். நாடு முழுக்க இந்தத் துறை வளர்கிறது என்று பேப்பரில் படிக்கிறீர்களே, அந்த வளர்ச்சிக்குள் இப்படிப்பட்ட போன்கள் நிறைய இருக்கின்றன. போன் செய்தவன் பெயர் எங்கும் வராது. வர வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

ஏஞ்சலை அழைத்து வந்தது நான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து கிராமத்துப் பெண். அப்பா அந்தோணிசாமி ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றுகிறவர். அவள் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்பதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை என்று பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். பாம்பு கடித்ததா இல்லையா என்று ஒரு சொட்டு ரத்தத்தில் சொல்லும் கிட் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். முக்கியமாகக் கட்டுவிரியனுக்கு. அது தூங்குகிறவனைக் கடிக்கும். வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. காலையில் வயிற்று வலி என்று எழுந்து வருவான். டாக்டர் அல்சர் என்று நினைப்பார். அந்த இடத்துக்குத்தான் அவளுடைய கிட். விஷம் இருந்தால் இரண்டு கோடு, இல்லையென்றால் ஒரு கோடு.

யோசனை நல்ல யோசனை. முப்பது வயதில் எனக்கு வந்திருக்க வேண்டிய யோசனை. நானும் ஒரு கம்பெனி நடத்தி மூடியவன்தான். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

விஷத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடிதான் அந்த கிட்டின் உயிர். அதை எங்கள் சங்கத்தின் பொதுக் குளிர்அறையில், அவளுக்கென்று ஒதுக்கிய சின்ன உறைபெட்டியில் வைத்திருந்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நான் கொண்டுவந்த வழக்கம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைப்போம். நடுவில் கரண்ட் போய் உருகினால் நாணயம் தண்ணீரின் அடிக்குப் போய்விடும். பிறகு மறுபடி உறைந்தாலும் அடியிலேயே கிடக்கும். மேலே இருந்தால் உள்ளே இருப்பது நல்ல சரக்கு. வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவிகள் பழுதாகும், பேட்டரி தீரும். நாணயம் பொய் சொல்லாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். பெரிய படிப்பு படித்தவர்களும் திரையில் ஓடும் எண்ணைப் பார்க்காமல் டம்ளரைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

சென்ற ஆண்டு மாநாட்டில் ஏஞ்சலுக்கு விருது. அவள் ஏற்புரையில் அப்பாவுக்கு நன்றி சொன்னாள், தன் கல்லூரி ஆசிரியைக்குச் சொன்னாள், தன்னிடம் வேலை செய்யும் சினேகாவுக்குச் சொன்னாள். கடைசியில், "அப்புறம் சங்கத்துக்கு" என்றாள். கைதட்டல் எழுந்தது. நான் பூங்கொத்துகளோடு மேடையின் ஓரத்தில் நின்றிருந்தேன்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. என் மனைவி அபிதகுஜாம்பாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன்னா, இந்த முழங்கை உங்களோடதா?"

"ஆமாம்."

"நல்லவேளை, வாட்சை வச்சுக் கண்டுபிடிச்சேன்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் நிர்வாகக் குழு கூடியது. வெளிநாட்டுக் கண்காட்சியில் நம் நாட்டு அரங்கில் சங்கத்தின் சார்பில் ஒருவர் நிற்க வேண்டும். எப்போதும் நான்தான் போவேன். இந்த முறை தலைவர் அச்சுதன், "யக்ஞநாராயணன் சார் எத்தனையோ தடவை போயிட்டார். நம்ம துறையோட முகம் இளமையா இருக்கட்டுமே" என்றார். நானே எழுந்து வழிமொழிந்தேன். ஏஞ்சலின் விசாவுக்கான கடிதத்தை எழுதினேன். அங்கே குளிரும் என்று என் மகளுடைய கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதையெல்லாம் சொல்வது எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை என்று நீங்கள் புரிந்துகொள்வதற்காக.

அவள் கிளம்பிப் போன பிறகு புயல் வந்தது. தாம்பரம் முழுக்கக் கரண்ட் இல்லை. குளிர்அறையைப் பார்த்துக்கொள்ளும் மோகன்ராஜ் வண்டலூரில் மாட்டிக்கொண்டான். ஜி.எஸ்.டி. சாலையில் இடுப்பளவு தண்ணீர் என்று போன் செய்தான். நான் மட்டும் நடந்தே போய் ஜெனரேட்டரைப் போட்டேன். எல்லாப் பெட்டிகளும் உறுமத் தொடங்கின. ஏஞ்சலின் பெட்டி மட்டும் சும்மா இருந்தது. அதன் சுவிட்ச் தானாகவே விழுந்திருந்தது. ஒரு விரலால் தூக்கிவிட்டால் போதும்.

நான் தூக்கவில்லை. எந்த மனிதனும் சில நேரம் ஒரு வேலையைத் தள்ளிப்போடுவான். அன்று நான் செய்தது அவ்வளவுதான் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழையின் குற்றம், மின்வாரியத்தின் குற்றம்.

ஆனால் கரண்ட் ஒருமுறைதான் போனது. ஆன்டிபாடி அவ்வளவு லேசில் கெடாது. நல்ல சரக்கு ஒருமுறை உருகினால் தாங்கும். இது எனக்குத் தெரியும். அதனால் கரண்ட் வந்த பிறகு அந்தப் பெட்டியை உறையவிட்டு, மறுபடி அணைத்து, அதன் கதவையும் வெயில் படும் ஜன்னலையும் திறந்துவைத்து உருகவிட்டு, மறுபடி போட்டேன். அவள் அங்கே அரங்கில் நின்று சிரிக்கும் படங்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துகொண்டிருந்த நாட்கள் முழுக்க இதைச் செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கட்டை விரலை உயர்த்திப் பதில் போட்டேன். கடைசியில் டம்ளரைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, நாணயத்தைத் துடைத்து அதன் மேல் வைத்தேன்.

மோகன்ராஜ் திரும்பி வந்ததும் எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்தான். "எதுவும் பேஜாரு இல்ல சார். எல்லாத்துலயும் காசு மேலதான் குந்திகினு கீது" என்றான். புயலிலும் சங்கத்தின் குளிர்அறைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுப்பினர்களுக்கெல்லாம் தகவல் அனுப்பினேன். பாராட்டி நிறையப் பதில் வந்தது.

ஏஞ்சல் ஊர் திரும்பியபோது பரிசோதனைக்கு நூற்றுக்கணக்கில் கிட் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. கூடுவாஞ்சேரியில் ஒரு மருத்துவமனை சம்மதித்திருந்தது. அதை ஏற்பாடு செய்ததும் நான்தான். ஆன்டிபாடியை இன்னொரு தடவை விஷத்தோடு வைத்துச் சோதித்துவிடலாமா என்று அவள் என்னிடம் கேட்டாள். அவளிடம் இருந்த விஷம் தீர்ந்திருந்தது. மறுபடி வாங்குவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

"நாணயம் எங்கேம்மா இருக்கு?" என்றேன்.

"மேலதான் சார் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"நீங்க சொன்னா சரி சார். நீங்க சொல்லி எனக்கு எதுவும் தப்பாப் போனதில்ல" என்றாள்.

அவள் என்னைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. அறையில் வேறு யாரும் இல்லை.

கிட்டில் ஒரு கோடு எப்போதும் வரும். கிட் வேலை செய்கிறது என்பதற்கான கோடு அது. அதற்கான மருந்து வெளியிலிருந்து புதிதாக வாங்கியது, பழுதில்லாதது. விஷத்தைக் காட்டும் இரண்டாவது கோடுதான் என் கைபட்ட ஆன்டிபாடியில் இருந்தது. ஆகவே அந்த கிட் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். யாரைச் சோதித்தாலும் விஷம் இல்லை என்று தெளிவாகச் சொல்லும்.

சுகுமார், கூடுவாஞ்சேரியில் புதிதாக மனை போட்ட ஒரு இடத்துக்குக் காவலாளி. சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பவர். காலையில் வயிற்று வலி என்று மனைவி தனம் அழைத்துப் போயிருக்கிறாள். கட்டுவிரியனாக இருக்குமோ என்று டூட்டி டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கெட்டிக்கார டாக்டர். கிட்டைப் போட்டுப் பார்த்தார். ஒரே கோடு. கிட் என்ன சொன்னாலும் நோயாளியைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்பது பரிசோதனையின் விதி. அதை வாசகம் வாசகமாக எழுதியவன் நான். ஆனால் ஒரு கோட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனிதர்கள் விதியைப் பார்ப்பதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

சுகுமாரை அடக்கம் செய்த பிறகு தனம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். யாரையும் திட்டவில்லை. "வயித்து வலிக்கு ஊசி போட்டு வூட்டுக்கு அனுப்பிட்டாங்க சார். கண்ணைத் தொறக்க முடியலன்னாரு. தூக்கம்னு நெனச்சு நான்தான் படுக்கச் சொன்னேன்" என்றாள். அவளுக்கும் காபி கொடுக்கச் சொன்னேன். குடிக்கவில்லை.

ஒருவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கிட் தப்பாகச் சொல்ல வேண்டும், பரிசோதனை தோற்க வேண்டும், அடுத்த குழுக் கூட்டத்தில் அச்சுதன் என்னைப் பார்த்து, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். பாம்பு கடித்தவனிடம் கடிக்கவில்லை என்று தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் டம்ளரைக் கழுவினேன்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏஞ்சல் தானாகவே உங்களிடம் வந்து, மறுசோதனை செய்யாதது தன் பிழை, சங்கத்துக்கு இதில் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்தாள். பேப்பரில் அது வந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா என்று எழுதியிருந்தார்கள். அவள் தினமும் தனத்தின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். குழுக் கூட்டத்தில் அச்சுதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒரு பெண் தான் செய்யாத காரியத்துக்குப் பொறுப்பேற்பது எந்த வகையில் நியாயம்? அது என் காரியம். முதலிலிருந்து கடைசிவரை நான் ஒருவனே, எவர் உதவியும் இல்லாமல் செய்தது. இதையும் அவள் பெயரில் எழுதிக்கொள்ள நான் விடமாட்டேன். உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் அவளை அலுவலகத்துக்கு வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்ச், ஜன்னல், டம்ளர், எதையும் விடவில்லை. அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஏன் சார் என்றாவது கேட்பாள் என்று நினைத்து, அதற்கு ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்போ என் ஆன்டிபாடி நல்லாதான் சார் இருந்துச்சா?" என்றாள்.

நல்லாதான் இருந்தது என்றேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து, தனத்திடம் சொல்ல வேண்டும் என்று வெளியே போய்விட்டாள்.

பாருங்கள், இன்ஸ்பெக்டர். ஒரு மனிதன் தன் வாழ்க்கையையே எடுத்து அவள் முன்னால் வைக்கிறான். அப்போதும் அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.