புலி இருந்த பக்கம்

எண்பதுகளில் ஒரு மாலை, மார்சிலிங் போகும் பஸ். சிராங்கூன் ரோட்டில் ஏறிய அக்காவும் தம்பியும் என் முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். தம்பிக்கு முப்பது வயதிருக்கும். பார்த்தாலே நமக்குப் பயம் வருகிற மீசை.

“புலியை வெளியில விட்டுட்டேன்டா,” என்றார் அக்கா.

“எந்தப் புலி?”

“நம்ம பழைய படப் புத்தகத்துல இருந்தது. நீ பார்த்துப் பார்த்து அழறேன்னு அம்மா அந்த ரெண்டு பக்கத்தையும் சோத்தை வெச்சு ஒட்டிட்டாங்களே. இது மட்டும் ஏன் தடிப்பா இருக்குன்னு என் மக நச்சரிச்சா. கெட்டில் ஆவியில காட்டிப் பிரிச்சேன்.”

“பாப்பா அழுதாளா?”

“இல்ல லா. இத்தனை வருஷம் இருட்டுல கிடந்துச்சேன்னு புலியைத் தடவிக் கொடுத்தா. நேத்து புத்தகத்தைத் திறந்து வெச்சுட்டுத்தான் தூங்கினா. மூடினா அதுக்கு மூச்சு முட்டுமாம்.”



“சனிக்கிழமை வீட்டுக்கு வரேன்க்கா. நானும் அந்தப் பக்கத்தைப் பார்க்கணும்.”

“வாயேன்.”

“பார்க்கறப்ப பாப்பாவைப் பக்கத்துல உக்காரச் சொல்லு.”