அப்டேட் அண்ணாச்சி

மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் போனை நான் கீழே போட்டதில்லை, ஐயா. வீட்டுக்கு அது ஒன்றுதான். உழவுக்குப் போகும்போது துண்டில் சுற்றி டிராக்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

வாங்கிய புதிதில் விரல் பட்டால் போதும், நகரும். பிறகு அப்டேட் கேட்க ஆரம்பித்தது. ஆறு மாதம் நான் தொடவில்லை. நன்றாக ஓடுகிற பொருளை எதற்கு நோண்ட வேண்டும்? என் மனைவி சுந்தரேஸ்வரியின் தம்பி முத்துசெல்வம் ஒருநாள் வீட்டுக்கு வந்தவன், மேசையில் கிடந்ததை எடுத்து, "அதான் கேக்குதுல்லா அத்தான், போட்டு விட வேண்டியதுதான" என்று அவனே அமுக்கிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றோடு போயிற்று. பெயரைத் தொட்டால் ஒரு மூச்சு நின்றுதான் திறக்கும். படத்தைத் தள்ளினால் விக்கி விக்கி நகரும். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்றான். போட்டேன், இன்னும் மோசம். ஒவ்வொரு தடவையும் 'வேகத்தை மேம்படுத்தியிருக்கிறோம்' என்று எழுதியிருந்தான் கம்பெனிக்காரன். என்னத்தை மேம்படுத்தினான், அவன் தலையை. உருப்படியாக இருந்ததைக் கெடுத்துவிட்டு அதற்கு நன்றி வேறு எதிர்பார்க்கிறவனை என்ன செய்வது? அவன் எங்கேயோ இருக்கிறான். முத்துசெல்வம் அடுத்த தெருவில் இருந்தான்.

கோவில்பட்டிக்கு இரண்டு தடவை கொண்டுபோனேன். கடைக்காரர் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் கொற இல்லியே அண்ணாச்சி" என்றார். ஆவணி மாதம், பஸ் ஸ்டாப் டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது முத்துசெல்வம் என் கையிலிருந்து அதை வாங்கி அப்படியும் இப்படியும் தள்ளினான். அந்த நேரம் பார்த்து அது ஒழுங்காக ஓடித் தொலைத்தது. "போனு நல்லாத்தான் ஓடுது. அத்தானுக்குத்தான் அப்டேட் போடணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து எனக்கு 'அப்டேட் அண்ணாச்சி' என்று பெயர். ஐம்பத்தெட்டு வயதுவரை எனக்கு ஊரில் பட்டப்பெயர் கிடையாது.

ஐப்பசியில் மழை நின்று பெய்தது. கரிசல் நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பைக் சக்கரத்தில் மண் அப்பி இறுகிவிடும், நடந்தால் காலுக்கு இரண்டு கிலோ ஒட்டும். டிராக்டர்தான் உள்ளே போகும். ஊரில் என்னுடையது தவிர இன்னொன்று உண்டு, அது அன்றைக்கு விளாத்திகுளம் போயிருந்தது. முத்துசெல்வத்தின் பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்தாள். அவன் மட்டும் உளுந்துப் புஞ்சையைப் பார்க்கப் போயிருந்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. அந்த மாதம் முழுவதுமே அவன் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. பிறகு வாட்ஸப்பில் அவன் குரல் வந்தது. காதில் வைத்துக் கேட்டேன். "அத்தான், விரியன் கடிச்சிட்டு. ஆம்புலன்ஸு ரோட்டுல நிக்கி, உள்ள வர முடியல. டிராக்டர எடுத்துட்டு வாங்கத்தான்." அவ்வளவுதான்.

சுந்தரேஸ்வரி அடுப்படியிலிருந்து, "யாரு?" என்றாள்.

"யாருமில்ல. அப்டேட் கேக்கு" என்றேன்.

மறுபடி நான்கு தடவை கூப்பிட்டான். நான் யோசிக்காமல் இல்லை. எடுத்துப் பேசினால் போன் நன்றாகத்தான் ஓடுகிறது என்று ஆகிவிடும். பிழைத்து வந்து டீக்கடையில் அதையும் சொல்லுவான், ஒரே தொடுதலில் அத்தான் எடுத்தார் என்று. அவன் சுபாவம் அப்படி.

ஆம்புலன்ஸ்காரர்கள் சேற்றில் நடந்தே போய்த் தூக்கி வந்தார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரி போகுமுன் முடிந்துவிட்டது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, எடுக்க முடியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். சுந்தரேஸ்வரி அந்தக் கம்பெனிக்காரனுக்கு மண்ணை வாரித் தூற்றினாள். டீக்கடைக்காரர் சண்முகராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அப்பமே சொன்னிய அண்ணாச்சி. நாங்கதான் கேக்கல" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஒரு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

நீங்கள் அவன் போனில் நீல டிக்கைக் காட்டிக் கேட்டீர்கள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் குரலை முழுவதும் கேட்டேன். அதற்குப் பிறகு நான்கு தடவையும் அவன் பெயரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். டிராக்டரில் டீசல் இருந்தது, சாவி சட்டைப் பையில் இருந்தது. போகாவிட்டால் அவன் செத்துவிடுவான் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஏட்டு கடைசியில் 'கைபேசி நல்ல நிலையில் இயங்கியது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.